அந்த 30 விநாடி எங்கே? ஸ்க்ரீம் தொடரின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்க்ரீம் என்ற பயங்கரப் படத்தொடரின் உரிமையாளர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும், அடுத்த திரைக்கதையை எழுத உட்காரப்போகிறவர்களுக்கும்,

2023 நவம்பரில் நீங்கள் எடுத்த முடிவை எங்களால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. காசா போர் பற்றிச் சமூக வலைத்தளத்தில் இட்ட பதிவுகளைக் காரணம் காட்டி அக்கா சாமாக நடித்த மெலிஸா பரேராவை ஏழாவது படத்திலிருந்து நீக்கினீர்கள். மறுநாளே தங்கை டாராவாக நடித்த ஜென்னா ஒர்ட்டேகாவும் படத்தில் இல்லை என்ற செய்தி வந்தது. டிசம்பரில் இயக்குநர் கிறிஸ்டோபர் லாண்டன், தான் சில வாரங்களுக்கு முன்பே விலகிவிட்டதாக அறிவித்தார். அக்கா, தங்கை, இயக்குநர் என மூவரும் போன பிறகு, 2024 மார்ச்சில் முதல் நாயகி சிட்னியாக நடித்த நெவ் கேம்ப்பெல் திரும்புகிறார், முதல் படத்தை எழுதிய கெவின் வில்லியம்சனே இயக்குகிறார் என்று சொன்னீர்கள். 1996-இல் வந்த முதல் படத்தில் தலையில் டிவி விழுந்து செத்த ஸ்டூவாக நடித்த மேத்யூ லில்லர்டின் பெயரும் நடிகர் பட்டியலில் ஏறியது.

பரேராவின் அரசியலை நீங்களோ நாங்களோ ஏற்கிறோமா என்பது இந்த மடலின் வழக்கு அல்ல. ஒருவரைத் தண்டிக்க ஒரு கதையையே கொன்றீர்கள், அதுதான் வழக்கு. அந்த இடத்தைப் பழைய முகங்களால் நிரப்பிவிடலாம் என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கை ஏன் தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறோம். முதல் ஆறு படங்களின் கொலையாளிகள் யார் என்பதெல்லாம் கீழே வரும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏழாவதின் கதைக்குள் போகப்போவதில்லை.

முதல் படத்தின் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஸ்டூ வீட்டுப் பார்ட்டி. கூட்டம் கலைந்துவிட்டது. பயங்கரப் படங்களின் விதிகளை எல்லாருக்கும் ஒப்பிக்கும் ராண்டி ஹாலில் தனியாகச் சோபாவில் சாய்ந்து, போதையில், 1978-இன் ஹாலோவீன் படத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறான். திரையில் ஜேமி லீ கர்ட்டிஸ், பின்னால் கொலையாளி. ‘பின்னால் பாரேன் ஜேமி’ என்று ராண்டி டிவியைப் பார்த்துக் கத்துகிறான். அவன் சோபாவுக்குப் பின்னால் முகமூடிக் கொலையாளி கோஸ்ட்ஃபேஸ் கத்தியோடு நிற்கிறது. (ராண்டியாக நடித்தவர் ஜேமி கென்னடி. அந்தக் கத்தல் அவருக்கும் பொருந்தும்.) வெளியே செய்தி வேனுக்குள் கேமராமேன் கென்னியும் சிட்னியும். டிவி நிருபர் கேல் வெதர்ஸ் ஹாலில் ஒளித்துவைத்த கேமரா வழியாக ராண்டியைப் பார்த்துப் பதறுகிறார்கள். தியேட்டரில் நாமும் பதறுகிறோம். அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது: ஹாலில் நடப்பது வேனுக்கு வந்துசேர 30 விநாடி தாமதம். மானிட்டரில் தெரிவது நடந்து முடிந்த ஒன்று. கோஸ்ட்ஃபேஸ் இந்நேரம் ஹாலில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேன் கதவு திறக்கிறது, கென்னியின் கழுத்து அறுபடுகிறது.

அந்தத் தாமதத்தைப் படம் நம்மிடமிருந்து மறைக்கவில்லை. முன்பே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டது, நாம்தான் மறந்தோம். தான் ஒரு பயங்கரப் படம் என்று தெரிந்த படம் என்றால் அர்த்தம் இதுதான். பாத்திரங்கள் வேறு படங்களின் பெயரை உதிர்ப்பது அதில் கால் பங்குகூட இல்லை. பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பைக் கொடுத்து, அந்த மிதப்பிலேயே அவனைக் குப்புறத் தள்ள வேண்டும். முதல் காட்சியிலும் இதே வேலைதான். ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ படத்தின் கொலையாளி யார் என்று போனில் கேள்வி. போனை எடுத்த கேஸி, ‘ஜேசன்’ என்கிறாள். அரங்கில் பாதிப் பேரும் அதையே மனதில் சொல்லியிருப்பார்கள். முதல் படத்தில் கொன்றது ஜேசனின் அம்மா. அந்த ஒரு தப்புக்குக் கேஸியின் காதலன் வயிறு கிழிந்து சாகிறான். அடுப்பில் பாப்கார்ன் பொட்டலத்தின் ஃபாயில் உப்பிக்கொண்டே போவதை இயக்குநர் வெஸ் கிரேவன் நடுநடுவே காட்டுவார். வசனம் எதுவும் இல்லாமல் கடிகாரம் ஓடும்.

2022-இல் மேட் பெட்டினெல்லி-ஓல்பினும் டைலர் ஜில்லெட்டும் இயக்கிய ஐந்தாவது படம் அதே சோபாக் காட்சியைத் திரும்ப எடுத்தது. இந்த முறை ராண்டியின் சகோதரி மகள் மிண்டி. அவள் பார்ப்பது, ராண்டி ஹாலோவீன் பார்க்கும் காட்சியை வைத்து அந்த உலகத்தில் எடுத்த ‘ஸ்டாப்’ (Stab) என்ற படம். திரைக்குள் திரை, அதற்குள் திரை. கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை, சிரித்தோம். பயம் வரவில்லை. அடுக்கு ஒன்று கூடியது, 30 விநாடி காணாமல் போனது. ‘உங்களுக்குத் தெரிந்த காட்சிதான் இது’ என்று படம் நம்மைத் தட்டிக்கொடுத்ததே தவிர, நம் காலை வாரவில்லை.

ரசிகனைக் குளிரவைக்கும் ஃபேன் சர்வீஸுக்கும் மறு உயிர்ப்புக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அந்த அளவுதான். பழையதைத் தொடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தொட்டால் அதில் ஒரு பொறி இருக்க வேண்டும். அதே ஐந்தாவது படத்தில், முதல் படத்திலிருந்து வரும் போலீஸ்காரர் டூவியின் சாவைப் பாருங்கள். மருத்துவமனையில் சுட்டு வீழ்த்திய கோஸ்ட்ஃபேஸின் தலையில் இன்னொரு குண்டு போட்டு உறுதிசெய்துகொள்ளத் திரும்பிப் போகிறார். பயங்கரப் படத்தில் பிழைக்க அது விதி, அதை அவரே அறிவார். குறிபார்க்கும் நேரத்தில் போன் அடிக்கிறது, அழைப்பது கேல். ஒரு கணம் கவனம் சிதற, முன்னும் பின்னும் கத்தி இறங்குகிறது. விதியைக் கடைப்பிடித்தவரை, இந்தத் தொடரின் ஆதிக் கருவியான போன், அதுவும் அவரை நேசித்தவரின் அழைப்பாக வந்து கொன்றது. 26 ஆண்டுப் பழக்கத்தை வைத்தே நம்மை அடித்த காட்சி அது. இப்படி எழுதத் தெரிந்தவர்கள்தான் உங்களிடம் இருந்தார்கள்.

ஆறாவது படத்தில் என்ன ஆனது? நியூயார்க் என்று பெரிதாக விரித்தீர்கள் (படப்பிடிப்பு மாண்ட்ரியாலில்). அந்தப் படத்தின் நல்ல காட்சிகள் எல்லாமே குறுகிய இடத்தில் நடப்பவைதான் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு குடியிருப்புகளின் சன்னல்களுக்கு நடுவே போட்ட ஏணி. ஹாலோவீன் இரவில் முகமூடிகளால் நிரம்பிய மெட்ரோ ரயில் பெட்டி. முதல் படத்தின் கடைசி 40 நிமிடத்துக்கு மேல் ஒரே வீட்டில் ஓடும். படிக்கட்டு எங்கே, கராஜ் எங்கே, எந்தக் கதவு எதில் திறக்கும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி ஆகிவிடும். இடம் தெரிந்தால்தான் ஓடுகிறவள் தப்பான பக்கம் திரும்பும்போது நெஞ்சு பதறும். அந்த வீட்டு இரவை எடுக்க 21 இரவுகள் செலவழித்தார்கள்.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. கத்தி மொட்டையாகிவிட்டது. ஆறாவதில் மிண்டிக்கு ரயிலில் குத்து, பிழைக்கிறாள். கேலுக்குக் குத்து, பிழைக்கிறார். நான்காவது படத்தில் வந்த கிர்பிக்கும் குத்து, பிழைக்கிறாள். மிண்டியின் இரட்டைச் சகோதரன் சாட் என்பவனை இரண்டு கோஸ்ட்ஃபேஸ்கள் இரண்டு பக்கமும் நின்று மாறி மாறிக் குத்துகின்றன. ஸ்ட்ரெச்சரில் சிரித்தபடி வெளியே வருகிறான். அரங்கத்தில் அப்போது எழுந்தது நிம்மதிப் பெருமூச்சு இல்லை, கிண்டல் சிரிப்பு. இதில் கணக்கு எளிது. முதல் ஆள் பிழைத்தால் ஆச்சரியம், இரண்டாவது ஆள் பிழைத்தால் சந்தேகம். மூன்றாவதற்குப் பிறகு கத்தியைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள், கதாநாயகி தொண்டைக்கே வந்தாலும். 1997-இல் ராண்டியைப் பட்டப்பகலில், கல்லூரி வளாகத்தின் நடுவில், கூட்டம் சுற்றி இருக்கும்போது வேனுக்குள் இழுத்துக் கொன்றார்கள். விதி சொல்கிறவனுக்கே பாதுகாப்பு இல்லை என்று ஆனபின் மிச்சப் படம் முழுக்க எவர் தலைக்கும் உத்தரவாதம் இல்லாமல் போனது. அவன் செத்தபோது திட்டாத ரசிகன் இல்லை. அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் தைரியம் வேண்டும்.

கொலையாளிகளின் எண்ணிக்கையையும் யோசித்துப் பாருங்கள். முதல் படத்தில் ஏன் இரண்டு பேர்? அலிபிக்காக, அதாவது கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகக் காட்ட. கொலையாளிகளில் ஒருவனான, சிட்னியின் காதலன் பில்லி காவல் நிலையத்தில் இருக்கும்போது சிட்னிக்குப் போன் வருகிறது. அவன் இல்லை என்று நாமே அவனை விடுவித்துவிடுகிறோம். துப்பு கண்ணுக்கு முன்னால் கிடந்தது, இரண்டு என்று எண்ண நமக்குத் தோன்றவில்லை. மூன்றாவது படத்தில் ஒரே ஆள் என்றவுடன் கணக்கு இடித்தது. யார் குரலையும் பேசும் மாயக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. ஆறாவதில் மூன்று பேர், ஒரே குடும்பம். ஆள் கூடக்கூட எழுதுவது சுலபமாகிறது, ஊகிப்பதில் சுவாரசியம் குறைகிறது. எந்தக் கொலைக்கும் எவராவது ஓய்வாக இருந்திருப்பார்கள் இல்லையா!

இவ்வளவு குறை சொல்லியும் ஆறாவது படத்தை நாங்கள் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் சாம் கார்ப்பென்டர். பில்லி லூமிஸின் மகள். கொலைகாரனின் ரத்தம், அவனுடைய உருவம் கண்ணாடியில் வந்து பேசும் தொல்லை, கையில் கத்தி வந்தால் அது தனக்குப் பிடித்துப்போகிறதோ என்ற அச்சம். கூடவே, ஐந்தாவது படத்துக் கொலைகளைச் செய்தது உண்மையில் சாம்தான், தன் காதலன் ரிச்சி மீது பழியைப் போட்டுவிட்டாள் என்று இணையத்தில் ஒரு வதந்தி. யாரென்றே தெரியாத ஒருத்தி தெருவில் அவள் மேல் பானத்தை ஊற்றிவிட்டுப் போகிறாள். பிழைத்தவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்குப் பதில் அவளையே குற்றவாளியாக்கும் காலம் இது. 2011-இல் நான்காவது படம் தொட்ட நரம்பும் இதுதான். அதன் கொலையாளி ஜில் தன்னைத் தானே குத்திக்கொண்டு, கண்ணாடி மேசை மேல் விழுந்து, பிழைத்த நாயகியாகக் கேமராக்கள் முன் ஸ்ட்ரெச்சரில் போவாள். அங்கேயே படத்தை நிறுத்தியிருந்தால் அது இரண்டாவது காவியம் ஆகியிருக்கும் என்பது எங்கள் கட்சி. மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் சிட்னி, கேல், டூவி என்ற பழைய மூவரிடமே வெற்றியை ஒப்படைத்தார்கள்.

ஆறாவதின் முடிவில் சாம் தன் அப்பாவின் முகமூடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போடுகிறாள். ‘இவள் என்ன ஆவாள்?’ என்பது யாருக்கும் விடை தெரியாத கேள்வி. சிட்னி பிழைப்பாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடை. 27 ஆண்டுகள் கழித்து இந்தத் தொடருக்கு மறுபடி கிடைத்த 30 விநாடித் தாமதம் சாம்தான். இணையப் பழியைக் கதையாக எடுத்த நீங்களே, அந்தக் கதையின் நாயகியை இணையப் பதிவுகளுக்காக வெளியே அனுப்பினீர்கள்.

காசுக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் முடிவு நிற்காது. 2022 படத்தின் செலவு சுமார் 2.4 கோடி டாலர், உலக வசூல் 13 கோடிக்கு மேல். 2023 படம் 16 கோடியைத் தாண்டியது. வட அமெரிக்காவில் மட்டும் அது 1996 படத்தின் வசூலையே மிஞ்சியது. டிக்கெட் விலை ஏறியதைக் கழித்துப் பார்க்க வேண்டும்தான், என்றாலும் மிஞ்சியது. அது சிட்னி இல்லாத படம். பழைய மூவரும் சேர்ந்து வந்த 2011 படம், 4 கோடி செலவழித்தும் 10 கோடியைத் தொடவில்லை. புதிய தலைமுறை இந்தத் தொடருக்குள் வந்தது அந்தச் சகோதரிகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

அதே 2023 படத்திலிருந்து நெவ் கேம்ப்பெல் ஏன் விலகினார் என்பதும் ஊரறிந்தது. தான் தொடருக்குத் தந்ததற்கு ஈடான சம்பளம் இல்லை என்று 2022 ஜூனில் வெளிப்படையாகச் சொன்னார். ஆக, முதலில் பழைய நாயகிக்குக் கொடுக்க மனமில்லாமல் புதியவளை முன்னால் நிறுத்தினீர்கள். பிறகு புதியவளை வெளியே தள்ளிவிட்டுப் பழைய நாயகியிடம் போனீர்கள். ஒருவரைக் காட்டி இன்னொருவரை மட்டம் தட்டும் இந்த ஆட்டத்தில் எங்களை ஒரு கட்சியில் நிற்கச் சொல்லாதீர்கள். எங்களுக்கு இருவரும் வேண்டும்.

இனி, நாங்கள் கேட்பவை.

சாம், டாரா கதையை முடித்துத் தாருங்கள். மெலிஸா பரேராவையும் ஜென்னா ஒர்ட்டேகாவையும் முறையாக அழைத்து, இரண்டு படங்களாக விதைத்த கேள்விக்குத் திரையில் பதில் சொல்லுங்கள். அவர்கள் வர மறுத்தால் வேறு நடிகைகளை வைத்து நடிக்கவிட வேண்டாம், ஒரு வரி வசனத்தில் அவர்களைச் சாகடிக்கவும் வேண்டாம். உயிரோடு எங்கோ இருக்கிறார்கள் என்று விட்டுவிடுங்கள். செத்தவர்களைத் தேடி எழுப்புவதையும் இதோடு நிறுத்துங்கள்.

முதல் காட்சியை இன்றைய போன் பழக்கத்திலிருந்து எழுதுங்கள். 1996-இல் ஒரு பையன் பையிலிருந்து செல்போன் விழுந்ததே கைது செய்யப் போதுமான சந்தேகமாக இருந்தது. 1997-இல் கூட்டத்தில் யார் போனில் பேசுகிறார் என்று தேடி ஓட வேண்டியிருந்தது. 2022-இல் வீட்டுக் கதவைச் செயலியில் பூட்டினால் கொலையாளி திறந்தான், மறுபடி பூட்டினால் மறுபடி திறந்தான். இன்று தெரியாத எண்ணை இருபது வயதுக்காரர் எவரும் எடுப்பதே இல்லை. கொலையாளி அழைத்தால் ஸ்பேம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் நண்பர்களின் இருப்பிடத்தை மேப்பில் ஒரு புள்ளியாக நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளி உடனுக்குடன் நகர்வதில்லை. வாசல் கேமராவின் அறிவிப்பும் சில நேரம் ஆள் படியேறிய பிறகுதான் போனுக்கு வந்து சேரும். வேனின் மானிட்டர் இப்போது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. இதைவிடப் பெரிய இனாம் ஒரு திரைக்கதை ஆசிரியருக்குக் கிடைக்குமா?

கோஸ்ட்ஃபேஸ் குரலை ராஜர் ஜாக்சனிடமே விடுங்கள். முதல் படத்தில் அவரை நடிகர்கள் கண்ணில் படாமல் மறைத்துவைத்து, நிஜமாகவே செட்டிலிருந்து போனில் பேசவைத்தார்கள். எதிர்முனையில் இருப்பவர் எப்போது மூச்சை நிறுத்துவார் என்று தெரியாத நடிகையின் முகத்தில்தான் அந்தப் பயம் வந்தது. அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவில் பிரதியெடுத்து வசனத்தை ஒட்டும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். முகமூடியிலும் கைவைக்க வேண்டாம். எம்டிவி தொடர் 2015-இல் முகமூடியை மாற்றிப் பார்த்தது. 2019-இல் மூன்றாவது பருவத்துக்குப் பழைய முகமூடியும் ஜாக்சனின் குரலும் திரும்பி வந்தன. அந்தப் பாடம் ஒருமுறை போதும்.

ஒரு படத்தில் குத்துப்பட்டுப் பிழைப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று எழுதும் மேசையிலேயே வரம்பு வையுங்கள். பிழைத்தவருக்கு அடுத்த படத்திலும் அந்தக் காயம் இருக்கட்டும். டூவிக்கு இரண்டாம் படத்தில் நொண்டல் இருந்தது, நினைவிருக்கிறதா? விதிகளை ஒப்பிக்கும் பாத்திரம் அடுத்ததிலும் வந்தால், அந்த விதிகளில் ஒன்று பொய்யாக இருக்கட்டும். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் சாகட்டும். கொலையாளிகள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு கொலைக்கும் யார் எங்கே இருந்தார்கள் என்பதை மறுபடி பார்ப்பவர் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு சரிபார்க்க முடிய வேண்டும்.

செலவை 2022 படத்தின் அளவுக்குள் வையுங்கள். ஒரு வீடு, ஒரு இரவு, பத்து பேர் போதும். மிச்சமாகும் பணத்தில் நடிகைகளுக்குக் கேட்ட சம்பளத்தைக் கேட்கும் முன்பே கொடுங்கள்.

அடுத்த படத்தின் ட்ரெய்லரில் முதல் காட்சிக்கு மேல் எதையும் காட்டாதீர்கள். கார்ப்பென்டர் சகோதரிகளின் கதை தொடருமா, இல்லையா என்பதை மட்டும் அந்தப் படத்துக்குத் தேதி அறிவிப்பதற்கு முன்பே, பெயர் போட்டு, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆறு படங்களையும் மனப்பாடமாகப் பார்த்த சிலர்